பெர்னிஸை ஏற்றிப் போன காலை

ஹியூபர்ட்டுக்கு இரண்டு பொண்டாட்டி என்று வடகோடிப் பனிநாட்டில் கோயுகுக் ஆற்றங்கரை முழுக்கக் கேலி பேசுவார்கள். ஒருத்தி பெர்னிஸ். இன்னொருத்தி, உறைந்த ஆற்றின்மேல் சறுக்குக் கட்டைகளில் நிற்கும் அவனுடைய சின்ன விமானம். குளிர்காலத்தில் பறந்து திரும்பியதும் என்ஜின் ஆயிலைச் சூடு ஆறுமுன் தகர டின்னில் வடித்து, வீட்டுக்குள் அடுப்போரம் கொண்டுவந்து வைப்பான். வெளியே விட்டால் விடியும்போது தாராய் இறுகிப் போயிருக்கும்.

"நல்ல இடமெல்லாம் அவளுக்கு. நான் கதவோரம் கெடந்து நடுங்கணும்," என்பாள் பெர்னிஸ். சொல்லிக்கொண்டே டின்னை இன்னும் கொஞ்சம் அடுப்புப் பக்கம் நகர்த்துவாள்.

அந்த ஜனவரியில் அவளுக்கு வயிற்றுவலி வந்தது. பனிப்புயல் அடித்துக்கொண்டிருந்தது. பறக்க முடியாது என்று தெரிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு வலியை மறைத்தாள். புயல் ஓய்ந்த காலையில் அவள் உடம்பு அனலாய்க் கொதித்தது. வெளியிலோ, விட்ட மூச்சு இமையில் பனியாய் ஒட்டும் குளிர்.

என்ஜினைச் சூடாக்க, ஹியூபர்ட் விமானத்தின் மூக்கைக் கித்தானால் மூடி, அடியில் மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்தான். கித்தானில் தீப்பிடிக்காமல் பெர்னிஸின் தம்பி செஸ்டர் காவல் நின்றான். ஹியூபர்ட் வீட்டுக்கும் ஆற்றுக்குமாய் அலைந்தான். போகும்போதெல்லாம் அவள் முகம் இன்னும் வெளுத்திருந்தது.

"போதும். அடுப்ப எடுடா. ஆயில ஊத்து."

"மச்சான், சிலிண்டர் இன்னும் ஜில்லுனு இருக்கு. கொஞ்சம் பொறு."

"உங்க அக்கா பொறுப்பாளா?"

செஸ்டர் அடுப்பை எடுத்தான். ஹியூபர்ட் முன்விசிறியைப் பிடித்துச் சுண்டினான். என்ஜின் இருமியது, ஒரு கணம் உறுமியது, அடங்கிவிட்டது. எரிந்த பெட்ரோலின் ஈரம் குளிர்ந்த பிளக்குகளில் பனியாய்ப் படிந்துவிட்டது. இனி எவ்வளவு சுற்றினாலும் பொறி பறக்காது. அவசரப்பட்டால் இப்படித்தான் ஆகும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல.

வெறுங்கையால் பிளக்குகளைக் கழற்றினான். குளிரில் ஒட்டிக்கொண்ட இரும்பு விரல்தோலைப் பிய்த்தது. வீட்டுக்கு ஓடி, ரொட்டித் தட்டில் பரப்பி அடுப்புக்குள் தள்ளினான்.

"என்ன சுடுற?" கண்ணைத் திறக்காமலே கேட்டாள் பெர்னிஸ்.

"பிளக்கு."

"உப்புப் போட்டியா?"

அவன் சிரிக்கவில்லை. அதன்பிறகு அவள் பேசவில்லை.

ஆயிலைத் திரும்ப வடித்து, என்ஜினைத் திரும்பச் சூடாக்கி அவர்கள் கிளம்பியபோது, அந்தக் குட்டைப் பகலும் சாயத் தொடங்கியிருந்தது. பின்னால் கம்பளியில் சுற்றிக் கிடந்தவளிடம் என்ஜின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பேசினான். ஆஸ்பத்திரி இருக்கும் ஊரின் விளக்குகள் தெரியுமுன்பே அவள் போய்விட்டாள்.

"காலையிலேயே கொண்டுவந்திருந்தா?" என்று டாக்டரிடம் கேட்டான்.

"குடல்வால் வெடிச்சிருக்கு. எப்ப வெடிச்சதுன்னு யாரால சொல்ல முடியும்?" என்றார் அவர்.

அடுத்த குளிர்காலம், எல்மர் என்பவனுடைய பெண் குழந்தை மூச்சுக்குத் திணறியது. கரையில் தாய் அதை மார்போடு அணைத்து நின்றாள். ஹியூபர்ட் கித்தானுக்குள் கைவிட்டு சிலிண்டரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"கிளப்புய்யா! எம்புள்ள நீலம் பாயுது! மனுசனா நீ, கல்லா?" எல்மர் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினான்.

"இன்னும் சூடேறல," என்றான் ஹியூபர்ட். உலுக்கியவன் கையைத் தட்டிவிடவும் இல்லை.

சூடு ஏறியதும் ஒரே சுண்டில் என்ஜின் பிடித்தது. குழந்தை பிழைத்தது. எல்மர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஹியூபர்ட் கையை உருவிக்கொண்டு நடந்துவிட்டான்.

ஊர் திரும்பியதும் செஸ்டர் ஓடிவந்தான். "ஒரு உசுரக் காப்பாத்திட்ட, மச்சான்!"

ஹியூபர்ட் கித்தானை எடுத்து விமானத்தின் மூக்கின்மேல் விரித்தான்.

"சூடேற கொஞ்ச நேரந்தான்டா ஆச்சு," என்றான். "அன்னைக்கும் அவ்வளவுதான் ஆகியிருக்கும்."

செஸ்டர் கித்தானின் மறுமுனையைப் பிடித்தான். இருவருமாக என்ஜினை மூடிக் கட்டினார்கள்.