டைம்கீப்பரம்மாவின் சர்வர்

ஞாயிறு காலை ஏழு பத்துக்கு, அடுப்பில் பால் பொங்குவதற்குள், டைம்கீப்பரம்மா சாப்பாட்டு மேசையில் பழைய மடிக்கணினியைத் திறந்து, யாரோ யாருக்கோ எழுதிய மின்னஞ்சல் ஒன்றைப் படிக்கிறார். கணவர் தையற்காரர். வாயில் குண்டூசியோடு எட்டிப் பார்க்கிறார்.

"இன்னிக்கு யார் வீட்டுக் கடுதாசி?"

"யாரோடதா இருந்தா என்ன? எடுத்து வச்சது உயிரோட இருக்கான்னு பாக்குறேன். நீங்க ஊசிய முழுங்கிடாதீங்க."

மற்ற ஆறு நாளும் அவருக்கு பஸ் டிப்போவில் வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று எழுத வேண்டும். "ஏழரை இருக்கும்மா" என்று டிரைவர் சொன்னால் பேனா நகராது. "ஏழரையா, ஏழு முப்பத்திரண்டா?" என்பார். கைக்கடிகாரத்தின் முகம் எப்போதும் உள்ளங்கைப் பக்கம் இருக்கும். எழுதும்போதே பார்த்துக்கொள்ளலாமே!

டிப்போவின் டெலிபோன் அறையில் இருக்கும் எக்ஸ்சேஞ்ச் அண்ணனுக்குப் பார்வை கிடையாது. கணினித் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்றை நம்பித்தான் அவர் வேலை பார்க்கிறார். பல நாடுகளில் இருப்பவர்கள் சம்பளம் வாங்காமல் சேர்ந்து எழுதி, இலவசமாகக் கொடுப்பது அது. ஆறு வருடத்துக்கு முன் ஒருநாள் அது ஊமையாகிப்போனது. அண்ணன் சொல்லச் சொல்ல டைம்கீப்பரம்மா அந்தக் குழுவுக்கு ஒரு புகார் எழுதினார். இரண்டே நாளில் சரிசெய்து அனுப்பிவிட்டார்கள். முகம் தெரியாதவர்கள் செய்த அந்த உதவி அவர் மனதை விட்டுப் போகவில்லை. "பதிலுக்கு நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டு எழுதினார். "சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை" என்று பதில் வந்தது. சர்வர் என்றால் என்னவென்று அன்று ராத்திரிதான் தேடிப் படித்தார்.

குழுவின் மென்பொருளையும் கடிதங்களையும் வைத்திருந்து, கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுக்கும் அந்த இயந்திரம், எங்கோ ஒரு கல்லூரி ஓசியில் கொடுத்த இடத்தில் ஓடுகிறது. இவர் அதை நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் அதன் சுகக்கேடெல்லாம் அத்துப்படி. கூட்டம் கூடினால் "வண்டி மூச்சு வாங்குது" என்பார். இடம் நிரம்பினால் "டேங்க் தளும்புது." சர்வர் நின்றதும் குழுவில் ஆளாளுக்குக் கூச்சல் போட்டால் ஒரே வரிதான் எழுதுவார்: "ஹாரன் அடிக்காதீங்க, இறங்கிப் பாக்குறேன்."

போன வருடம் ஒரு ஞாயிறு மதியம் அவர் கையே தவறிவிட்டது. டேங்க் தளும்பியது. பழைய நகல் என்று நினைத்து ஒரு தொகுப்பை அழித்தார். அழித்தது நகலை அல்ல. பன்னிரண்டு வருடமாகக் குழுவில் எல்லோரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் அவ்வளவும் அதில்தான் இருந்தன. எந்தச் சொல்லை மென்பொருள் தப்பாகப் படிக்கிறது, எந்தப் பொத்தானை அழுத்தினால் சரியாகும் என்பதெல்லாம் அந்தக் கடிதங்களில்தான் இருந்தது. புதிதாகப் பார்வை போனவர் முதலில் வந்து நிற்கும் வாசலும் அதுதான். சரி, தனியே எடுத்து வைத்த நகல் இருக்கிறதே என்று திறந்தார். எட்டு மாதமாக, பழைய நகலின் மேலேயே வெறும் பெயர்தான் பதிவாகியிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

கணவர் சோறு போட்டு வைத்தார். அது ஆறிப்போனது. "யாருக்குத் தெரியப்போவுது? மிஷின் கெட்டுப்போச்சுன்னு எழுதிடேன்" என்றார் மெதுவாக.

"மிஷின் கெடலைங்க. நான்தான் கெடுத்தேன்."

உறுப்பினர்களின் முகவரிகள் மட்டும் தப்பியிருந்தன. எல்லோருக்கும் எழுதினார்: "அழித்தது நான். நகலைத் திறந்து பார்க்காமல் இருந்ததும் நான். பழைய கடிதங்கள் உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள். வேறு ஒருவரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுப்பதானாலும் சொல்லுங்கள்."

மறுநாள் டிப்போவில் முதல் வேலையாக டெலிபோன் அறைக்குப் போய் எக்ஸ்சேஞ்ச் அண்ணனிடம் நேரிலும் சொன்னார்.  அண்ணன் கடகடவென்று சிரித்தார்.

"எங்கிட்ட எல்லாம் அப்படியே கெடக்கும்மா. மெயிலை எப்படி அழிக்கிறதுன்னு நீ சொல்லிக் குடுக்கவே இல்லியே!"

அண்ணன் குழுவில் சேர்ந்ததிலிருந்து வந்த ஐந்து வருடக் கடிதங்கள் அவர் மின்னஞ்சல் பெட்டியில் இருந்தன. மீதியும் ஒவ்வொரு மூலையிலிருந்தும் வரத் தொடங்கியது. நாற்பத்து மூன்று பேர் அனுப்பினார்கள். வைதவர் ஒருவருமில்லை, பொறுப்பை மாற்றச் சொன்னவரும் இல்லை. ஓர் அம்மாள் மூன்றே மூன்று கடிதம் அனுப்பி, "இதில் ஒன்று என் வீட்டுக்காரர் எழுதியது. அவர் இப்போது இல்லை. இதை மறுபடி அங்கே வையுங்கள்" என்று கேட்டிருந்தார். டைம்கீப்பரம்மா முதலில் வைத்தது அதைத்தான்.

ஒரே கடிதம் இருபது பேரிடமிருந்து வந்தது. இரட்டைகளை விலக்கித் தேதிவாரியாக அடுக்க ஐந்து வாரமானது. மூன்றாம் வருடத்தில் பதினொரு நாள் மட்டும் கிடைக்கவேயில்லை. அந்த இடத்தில் "இது என்னால் போனது" என்று எழுதி வைத்திருக்கிறார். ஞாயிறுதோறும் நகலைத் திறந்து ஒரு கடிதம் படிக்கும் பழக்கம் அதற்குப் பிறகு வந்ததுதான். நாற்பத்து மூன்று பேருக்கும் தனித்தனியாக நன்றி எழுதினார். அண்ணனுக்கு மட்டும் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

எல்லாம் சர்வரில் ஏறி முடிந்த அன்று, ஷிப்ட் முடிந்ததும் டெலிபோன் அறை வாசலில் போய் நின்றார். அண்ணன் ஹெட்போனில் பழைய கடிதங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். மென்பொருள் படித்தது அவருக்குப் பழகிய அசுர வேகத்தில். வெளியே கசிந்த குரல் வண்டு இரைவதைப் போல விர்ரென்று ஓடியது.

"என்னண்ணே சொல்லுது அது? எனக்கு ஒரு எழுத்தும் பிடிபடலியே."

அண்ணன் பக்கத்து நாற்காலியைக் காலால் வாசல் பக்கம் தள்ளிவிட்டார். ஹெட்போன் வயரை உருவிக் குரலை அறைக்குள் விட்டார். பிறகு ஒரே பொத்தானைத் தட்டித் தட்டி, டைம்கீப்பரம்மாவுக்குப் புரியும்வரை அதன் வேகத்தைக் குறைத்தார்.