கோடையில் எடுத்த படம்

பேட்டையில் எங்கள் அலுவலகம் ஒரு லேத்துப் பட்டறையின் மாடியில் இருந்தது. கீழே இரும்பைக் கடையும் சத்தம் காலையில் தொடங்கினால் சாயங்காலம் வரை நிற்காது. மாடியில் நாங்கள் நான்கு பெண்கள், ஆளுக்கொரு கண்ணாடி மேசை. மேசைக்கு அடியில் ட்யூப்லைட் எரியும். கண்ணாடியின் மேல் சாட்டிலைட் படத்தை விரித்து, அதன் மேல் வழவழப்பான பிலிம் தாளை ஒட்டி, வயல் எது, காடு எது, ஊர் எது, தரிசு எது என்று பார்த்துப் பார்த்து எல்லைக்கோடு வரைய வேண்டும். வரைந்த தாள்கள் தலைமை அலுவலகத்துக்குப் போகும். அங்கே அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். மாவட்டத்தில் எந்த நிலத்தை என்ன செய்யலாம் என்று இனி அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள் என்று எங்களிடம் சொல்லியிருந்தார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் அதை நம்பினேன்.

மதியத்துக்கு மேல் கண் எரியத் தொடங்கும். வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் மூடிய கண்ணுக்குள் வெள்ளை வெளிச்சமும் கறுப்புக் கோடும் ஓடிக்கொண்டே இருக்கும்.

வேலைக்கு எடுக்கும்போது என் புவியியல் பட்டத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு கோடு போடச் சொன்னார்கள். போட்டேன். "கை நடுங்கவே இல்லையே" என்றார் எங்களை மேற்பார்வையிட்ட சார். அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னபோது அவள் முறத்திலிருந்து தலை தூக்கவில்லை.

"பீடி சுத்துதவ மவளுக்குக் கை நடுங்குமாட்டி?"

எனக்கு எரிச்சலாக இருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். கையை யார் மெச்ச வேண்டும்? என் தலைக்குள் இருப்பதை மெச்சுகிறவர் ஒருவராவது வரட்டும் என்று இருந்தேன்.

அந்தப் படங்களில் உயிருள்ள செடி சிவப்பாகத் தெரியும். தாமிரபரணி போகிற வழி நெடுக, பாபநாசத்திலிருந்து கடல் பக்கம் வரை, சிவப்பு நாடாவை உருட்டிவிட்டது போல இருக்கும். வாழையும் நெல்லும். அந்தத் தாள் கிடைத்தவளுக்கு வேலை அதிகம், மதிப்பும் அதிகம். தெற்கே நாங்குநேரிப் பக்கம் போகப் போக எல்லாம் சாம்பல். எனக்கு வாய்த்தது அந்தத் தாள்.

"உனக்கென்னட்டி, வரையதுக்கு ஒண்ணுமே இல்ல. முழுசையும் தரிசுன்னு போட்டுட்டு வீட்டுக்குப் போ" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

நானும் ஏறக்குறைய அப்படித்தான் போட்டுக்கொண்டு போனேன். ஆற்றுக் கால்வாயில் குளித்து வளர்ந்தவள். அந்தப் பக்கத்தை பஸ் ஜன்னலில் பார்த்ததோடு சரி. உடைமரமும் பனையும் செம்மண்ணும். அதில் என்ன இருக்கப் போகிறது?

ஒரு இடத்தில் பேனா நின்றது. பழைய சர்வே வரைபடத்தில் அங்கே நீல நிறத்தில் பெரிய குளம் ஒன்று போட்டிருந்தது. எங்கள் படத்தில் சொட்டு நீலம் இல்லை. சுற்றியிருந்த சாம்பலும் அதுவும் ஒன்றுதான். சாரிடம் காட்டினேன்.

"தூர்ந்துபோன குளமா இருக்கும். ஜீப்புல போய்ப் பாத்துருவோம். ஊர்க்காரங்க என்ன சொல்லுதாங்களோ அதை எழுதிரலாம்."

விதி அப்படித்தான் இருந்தது. படத்திலும் தண்ணீர் இல்லை, குளம் நிறைவதே இல்லை என்று ஊராரும் சொல்கிறார்கள் என்றால் அது தரிசு. தரிசு என்று எழுதிவிட்டால் காலி நிலப் பட்டியலில் சேரும். அந்த வருடங்களில் பணகுடிப் பக்கம் காற்றாலைகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. காலி நிலம் எங்கே என்று கேட்டு ஆட்கள் அலைந்தார்கள். அந்தப் பட்டியலுக்குத் தேவை இருந்தது.

சித்திரை வெயிலில் போய் இறங்கினோம். ஜீப் நின்ற இடம் ஒரு பலசரக்குக் கடை. கடைக்கார அண்ணாச்சி வெளியே வந்து, சாரையும் என் கையிலிருந்த தாளையும் ஒரு பார்வை பார்த்தார். அதற்குள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். பழைய வரைபடத்தில் இருக்கும் குளத்தைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறோம் என்றார் சார்.

"வாங்கய்யா, வாங்க. நீங்க வருவீயன்னு எதிர்பாத்துக்கிட்டுதான் இருக்கோம். டீச்சர், நல்லா எழுதிக்கிடுங்க. இங்கன ஒண்ணுமே வெளையாது."

"நான் டீச்சர் இல்ல அண்ணாச்சி."

"படிச்ச பிள்ளைய எல்லாரும் எங்களுக்கு டீச்சர்தான்."

"குளம் கடைசியா எப்ப பெருகிச்சு?" என்று கேட்டார் சார்.

"பெருகவா? எங்கய்யா சின்னப் பயலா இருக்கையில பெருகிச்சுன்னு சொல்லுவாவ. நான் கண்ணால கண்டதில்ல."

கடைக்குள்ளிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "நான் வாக்கப்பட்டு வந்த நாள்லயிருந்து அதுல ஒரு குடம் தண்ணி கோரினதில்ல."

கூட்டம் தலையாட்டியது. எனக்குக் கடையின் பின்பக்கம் தெரிந்தது. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு வைக்கோல் படப்பு, இன்னும் மஞ்சள் மாறாமல்.

"அப்ப இந்த வைக்கோல்?"

"வெலைக்கு வாங்கினது டீச்சர். ஒங்க ஆத்துப் பக்கத்துல இருந்துதான்."

வேலியில் ஒரு வீச்சுவலை காய்ந்தது. அதில் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அந்த வலை?"

"அதா? அது கோழி அடைக்கதுக்கு."

கூட்டத்தில் ஒருவர் பொறுக்க முடியாமல் சிரித்துவிட்டார். அண்ணாச்சி திரும்பினார். "என்னவே இளிப்பு? வறட்சியில உமக்குச் சிரிப்பு வேற வருதோ?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாங்கள் வறட்சி நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க வந்திருக்கிறோம் என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. எவ்வளவு வறண்டதாகச் சொல்கிறார்களோ அவ்வளவு நல்லது அவர்களுக்கு. தங்கள் குளத்தைத் தாங்களே வாயால் தூர்த்துக்கொண்டிருந்தார்கள்.

சார் நிழலில் உட்கார்ந்து கலர் சோடா குடித்தார். நான் குளத்துக்குள் இறங்கி நடந்தேன். வண்டல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் நத்தை ஓடுகள். மடைக்கல்லில் என் இடுப்பு உயரத்துக்குப் பாசி காய்ந்து கறுத்திருந்தது. கரைக்கு அந்தப் பக்கம் வயல்களில் நெல்தாள் அறுத்த அடி அப்படியே நின்றது. இந்தக் குளம் போன மழைக்கு நிறைந்திருக்கிறது. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

திரும்பி வந்து அவர்களிடம் சொன்னேன். நிவாரணத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை. இது காலி நிலம் எது என்று பார்க்கிற படம். குளம் இல்லை என்று நீங்கள் சொன்னால் குளம் காலி இடமாகிவிடும். நாளைக்கு எவனாவது கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.

சத்தம் அடங்கியது. என்னை நம்பிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

"டீச்சருக்கு எந்த ஊரு?" என்று கேட்டார் அண்ணாச்சி.

சொன்னேன்.

"அதான பாத்தேன். ஆத்துத் தண்ணி குடிச்சு வளந்தவியல்லா நீங்க? உங்களுக்கு வருசம் பூரா வருது. எங்களுக்கு எப்பவாவது வாரதையும் ஏம்மா கெடுக்கீய?"

அவர் மனைவி வாசலுக்கே வந்துவிட்டாள். "நாலு எழுத்துப் படிச்சுட்டாப் போதும், ஏழபாழ கண்ணுக்குத் தெரியாது."

அந்தச் சொல் என்னைச் சுட்டது. பீடி இலை வெட்டிய கையோடு பரீட்சைக்குப் போனவள் நான். ஆனால் அதை அங்கே யாரிடம் சொல்வது?

ஜீப்பில் சார் சொன்னார். "ஊரே ஒரே வாயாச் சொல்லுது. தரிசுன்னு எழுதிரும்மா."

"அது குளம் சார்."

"படத்துல தண்ணி இல்ல. ஆளுங்க சொல்லுலயும் தண்ணி இல்ல. உன் சொல்லு ஒண்ணுதான் மிச்சம்."

"அதையே எழுதுதேன். கையெழுத்தும் நானே போடுதேன்."

"நீ தற்காலிகம். ஞாபகம் இருக்கட்டும்" என்றார். மிரட்டிச் சொல்லவில்லை. அவரும் களைத்திருந்தார்.

தாளில் குளத்தின் எல்லையைத் துண்டு துண்டாக, விட்டு விட்டுப் போகும் நீலக் கோடாகப் போட்டேன். மழைக்காலக் குளம் என்று எழுதினேன். எங்கள் குறியீட்டு அட்டவணையில் அப்படி ஒரு வகை கிடையாது. நீர்நிலை உண்டு, தரிசு உண்டு. இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. சில வாரங்களில் தாள் திரும்பி வந்தது. தண்ணீருக்கு ஆதாரம் வேண்டும் என்று ஓரத்தில் குறித்திருந்தார்கள்.

மழைக்காலத்தில் எடுத்த படம் இருந்தால் கொடுங்கள் என்று சாரைக் கேட்டேன். எங்கிருந்தோ ஒன்றை வரவழைத்தார். கண்ணாடியில் விரித்துப் பார்த்தால், பஞ்சு மூட்டையைப் பிரித்துக் கொட்டியது போல வெள்ளை. மாவட்டமே அடியில் மறைந்து கிடந்தது. மேகம் இல்லாத நாளில்தான் சாட்டிலைட்டுக்குத் தரை தெரியும். ஆற்றுப் பாசனத்துக்கு அதனால் நஷ்டம் இல்லை. கோடையிலும் வாழை நிற்கும், சிவப்பாகத் தெரியும். மழையை நம்பிய குளம்தான் மாட்டிக்கொண்டது. அது நிறைகிற நாளில் வானத்துக்குக் கண் தெரியாது. வானத்துக்குக் கண் தெரிகிற நாளில் அது வற்றிக் கிடக்கும். அந்த வெள்ளைத் தாளின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பட்டறைச் சத்தம் பாதத்தின் வழியாக ஏறிக்கொண்டிருந்தது.

கார்த்திகையில், அடைமழை விட்டு லேசாகத் தூறிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோழியிடம் காமிரா இரவல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அம்மா தடுக்கவில்லை. "சம்பளம் இல்லாத நாளுலயும் வேலைக்குப் போறதுக்கா ஒன்னப் படிக்க வச்சேன்?" என்று மட்டும் கேட்டாள்.

குளம் பெருகிக் கிடந்தது. உடைமரங்கள் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றன. குளம் கொள்ளாத தண்ணீர் மறுகாலில் வழிந்து நுரைத்துப் பாய்ந்தது. அங்கே இடுப்பில் துண்டோடு நாலைந்து பேர் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கோழி அடைக்கிற வலை அவர்கள் கையில்தான் இருந்தது.

"நிவாரணத்தக் கெடுத்த டீச்சர் வாராவ!" என்று ஒருவர் கத்தினார்.

கடைக்கார அண்ணாச்சி குடையோடு கரையேறி வந்தார். நான் காமிராவை எடுத்ததும் குடையை எனக்கு நேரே விரித்துப் பிடித்துக்கொண்டார்.

"போட்டா எடுக்கப்படாது."

"ஏன் அண்ணாச்சி?"

"பக்கத்தூருக்கு நிவாரணம் வந்துட்டு. எங்களுக்கு இல்லன்னுட்டாவ. நீங்க அன்னைக்கு எழுதிக்கிட்டுப் போனதுதான். இப்ப போட்டாவும் புடிச்சு, அடுத்த வருசத்துக்கும் சேத்துக் கெடுக்கவா?"

"நான் எழுதினதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நிவாரணம் குடுக்குதவங்க எங்க படத்தைப் பாக்கவே இல்ல."

"அப்போ உங்க படத்த யாருதாம்மா பாக்கா?"

மூன்று பஸ் மாறி வந்த கால் வலித்தது. புடவை முழங்கால் வரை சேறு.

"காத்தாடிக்கு எடம் தேடுதவன் பாப்பான்" என்றேன்.

அவர் தெற்கே திரும்பினார். அங்கிருந்து பார்த்தால் அடிவானத்தில் காற்றாலைகள் குச்சி குச்சியாகத் தெரியும்.

"கொளத்த யாரு எடுப்பா?"

"கொளம்னு எழுதியிருந்தா எடுக்க மாட்டான். நீங்கதான கொளமே இல்லன்னு சொன்னீய?"

"அது... நிவாரணத்துக்குச் சொன்னது."

"எழுதிட்டா எதுக்குச் சொன்னதுன்னு எவனும் கேக்க மாட்டான் அண்ணாச்சி."

மறுகாலில் நின்றவர்கள் வலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி குடையை மடக்கவில்லை. அது அவருக்குக் கௌரவப் பிரச்சினை ஆகிவிட்டது. ஆனால் கொஞ்ச நேரத்தில் குடை தோள் பக்கமாகப் பையச் சரிந்தது. கை கடுத்ததா, மனம் இறங்கியதா, தெரியாது. நான் காமிராவின் பொத்தானை அமுக்கிவிட்டேன்.

"எடுத்தாச்சா?" என்றார்.

"எடுத்தாச்சு."

"பெறவு ஏன் மழையில நிக்கீய? கடையில போய் இரிங்க. பஸ்ஸு வர நேரமாகும்." அவர் மனைவி டீ கொடுத்தாள், முகம் கொடுக்கவில்லை.

பாதிப் படம் கறுப்புக் குடை. அதன் ஓரத்தில் அண்ணாச்சியின் ஒரு கண்ணும் மீசையும். மீதிப் படம் முழுக்கத் தண்ணீர். சார் அதை வெளிச்ச மேசையின் மேல் வைத்துப் பார்த்தார்.

"இந்த ஆளுதான கொளம் நெறையவே நெறையாதுன்னாரு?"

"ஆமா சார்."

வெகுநாள் கழித்து அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன். புகைப்படத்தைத் தாளோடு சேர்த்து அனுப்பினார். இந்தத் தடவை திரும்பி வரவில்லை. விட்டு விட்டுப் போகும் நீலக் கோட்டுக்கு அட்டவணையின் கடைசியில் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். எழுதியவர் யார் என்று தெரியாது. என் படிப்புக்கு யாரோ ஒருவர் பதில் சொன்னது போல இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். "அந்த ஊர்க்காரங்க ஏதும் சொன்னாவளா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

மறு வருடம் வேறு திட்டம் வந்தது. புதுப் படம், புது பிலிம் தாள், புதிதாக அச்சடித்த அட்டவணை. கையால் எழுதிய வரி அதில் இல்லை. என் வேலையை இன்னும் கொஞ்ச நாளுக்கு நீட்டித்திருந்தார்கள். நாங்குநேரித் தாளை நானே கேட்டு வாங்கிக் கண்ணாடியில் விரித்தேன். கோடையில் எடுத்த படம். அந்த இடம் மறுபடியும் சாம்பல்.

எரிகிற கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்டு விட்டு நீலக் கோடு போட்டேன். இவர்களும் ஆதாரம் கேட்பார்கள். பழைய புகைப்படம் பழைய தாளோடு போய்விட்டது. கார்த்திகைக்கு நாள் கிடந்தது. அதற்குள் தோழியிடம் காமிராவுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.