நாகநாதன் சார் ஜோசியர் இல்லை

பேராசிரியர் நாகநாதன் அவர்கள் போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, பாம்பனில் தம் வீட்டில், மாரடைப்பால் காலமானார். மீன் ஏலம் முடிந்து நான் என் ஐஸ் கம்பெனி வாசலில் நின்றிருந்தேன். லீவுக்கு வந்திருந்த அவர் மகன் குமார் பக்கத்து மாடியிலிருந்து கத்தினார்: "மாமா, சீக்கிரம் வாங்க. அப்பா எந்திரிக்க மாட்டேங்கிறாரு." நான் போய்க் கையைத் தொட்டபோதே தெரிந்துவிட்டது.

மதியத்துக்குள் பஸ் நிறுத்தத்தில் பிளக்ஸ் ஏறிவிட்டது. சார் படம், இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி, கீழே கொட்டை எழுத்தில் "ஜோதிட மாமணி".

அழுகை வரவேண்டிய இடத்தில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இதை எழுதும்போதும் அது தணியவில்லை. இராமேஸ்வரத்துக்குத் தோஷம் கழிக்க வருகிற கூட்டத்தில் பாதி, வழியில் இறங்கி அவர் கதவைத் தட்டும். "மாடியில பெரிய குழாய் வச்சு நட்சத்திரம் பாக்குறாராமே" என்று ஜாதகத்தை நீட்டும். "நான் ஜோசியன் இல்லம்மா" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவர் அவர். மறுத்துப் பேச வாய் இல்லாத நாள் பார்த்து ஜோசியராக்கிவிட்டார்கள். அவரைத் தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் நானாவது உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் காதர். கருவாட்டு வியாபாரி. 1974இல் அவர் இராமநாதபுரம் கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளராகச் சேர்ந்தார். மற்ற ஆசிரியர்கள் டவுனில் வீடு பார்த்தார்கள். இவர் வானம் இருட்டாக இருக்க வேண்டும் என்று பாம்பனில் பிடித்தார். அப்போது ரோட்டுப் பாலம் கிடையாது, எல்லாருக்கும் ரயில்தான். நான் தலைச்சுமையாகக் கருவாட்டுக் கூடை ஏற்றிய காலம். கூடையைக் கண்டதும் வேட்டி மடிப்புக் கலையாத ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த பெட்டிக்கு ஓடுவார்கள். இவர் மட்டும் காலை ஒதுக்கி, "இங்கன வைங்க" என்றார்.

அதோடு விட்டாரா? கூடையைக் குனிந்து பார்த்து, "மேல உள்ளதும் அடியில உள்ளதும் ஒரே சரக்குதானா?" என்றார்.

"அதைக் கேட்டா நான் எப்படிப் பொழைக்கிறது சார்?"

விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சொன்னார்: "நான் பாக்குற நட்சத்திரங்களும் உங்க கூடை மாதிரிதான் பாய். சிலதோட வெளிச்சத்தைப் பிரிச்சுப் பாத்தா பாதரசம், மாங்கனீஸ்னு என்னென்னமோ அளவுக்கு மீறித் தெரியும். உள்ள போனா எல்லா நட்சத்திரத்தையும் போலத்தான். மேல்தட்டுல மட்டும் அந்தச் சரக்கு மிதந்துக்கிட்டு நிக்குது."

"யாரு மேல ஏத்தி வச்சது?"

"உள்ளயிருந்து வர்ற வெளிச்சமே தள்ளி ஏத்துது. ஆனா நட்சத்திரம் மெதுவாச் சுத்தணும். அலையடிச்சா எல்லாம் கலங்கிப்போகும். மெதுவாச் சுத்துறதுக்குப் பக்கத்துல ஒரு துணை நட்சத்திரம் இருந்து இழுத்துப் பிடிக்குதான்னு ஒரு கேள்வி இருக்கு."

அந்தக் கேள்விதான் அவர் ஆயுள். பெரிய வானாய்வுக் கூடங்கள் எந்தெந்த நட்சத்திரம் இப்படி விசித்திரமானது என்று பட்டியல் போடும். அவற்றில் எதற்குத் துணை தெரிகிறது, எவ்வளவு விலகி, எந்தத் திசைக் கோணத்தில் என்று இவர் தம் தொலைநோக்கிக் குழாயில் மெல்லிய இழைகளை நகர்த்தி அளப்பார். அடுத்த வருஷம் அதையே மறுபடி அளப்பார். ஒட்டி இழுக்கிற துணை தம் குழாயில் தெரியாது, தள்ளி நிற்பதுதான் தெரியும் என்பதையும் அவரே சொல்வார். மறைக்க மாட்டார்.

ஒரு ஜோடி ஒருமுறை சுற்றி முடிக்க எத்தனை காலம் என்று கேட்டேன்.

"பலதுக்கு என் ஆயுசு பத்தாது."

"அப்ப கணக்கை யாரு முடிக்கிறது?"

"அடுத்து வர்றவன். அதே குழாய்ல, அதே இழையில அளந்தான்னா இன்னும் நல்லது."

லாபம் கண்ணில் படாத இந்த வியாபாரம் எனக்குப் பிடிபட வருஷங்கள் ஆயின.

தலைச்சுமை போய் நான் சொந்தமாக ஐஸ் கம்பெனி கட்டினேன், அவர் வீட்டுக்கு அடுத்த மனையில். முற்றத்தில் பாதரச ஆவியில் எரிகிற பெரிய மெர்க்குரி விளக்குப் போட்டேன். அன்று பொழுது சாய்ந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "பாய்! பாதரசம் இருக்கிற நட்சத்திரத்தை நான் வானத்துல தேடுறேன். நீரு பாதரசத்தை என் வாசல்ல தொங்கவிட்டுட்டீரே!"

"இருட்டுல ஆளுக மீனை மிதிச்சு விழுவாக சார்."

"கீழ விழுறவனுக்கு வெளிச்சம் கீழதானய்யா வேணும்? மேல எதுக்கு?"

பையிலிருந்து சின்னக் கண்ணாடிக் குழல் ஒன்றை எடுத்து, அந்த விளக்கையே பார்க்கச் சொன்னார். ஊதா, நீலம், பச்சை, மஞ்சள் என்று தனித்தனிக் கோடு. "இது பாதரசத்தோட கைரேகை. ஒவ்வொண்ணுக்கும் அதது ரேகை. நட்சத்திரத்துல கறுப்புக் கோடாத் தெரியும்" என்றார். மறுநாள் விளக்குக்குத் தகரத்தில் குல்லா அடித்துப் போட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு ரமலான் முடிவில் மேகம் கவிந்து, பிறை தெரியுமா என்று கடற்கரையில் எங்கள் ஆட்கள் தவித்தார்கள். நான் சாரிடம் ஓடினேன்.

"கணக்குப்படி அங்கன இருக்கு."

"அதை எழுதிக் குடுங்க சார், பள்ளிவாசல்ல காட்டுறேன்."

"மாட்டேன். இருக்கிறது வேற, கண்டது வேற. உங்க வழக்கத்துல கண்டவன்தானே சாட்சி? என் வேலையிலும் அதான் சட்டம்."

எனக்குக் கோபம். ஆனால் பிற்பாடு அவர் பட்டியலைக் காட்டியபோது விளங்கியது. துணை தெரியாத நட்சத்திரங்களுக்கு நேரே "இல்லை" என்று எங்கும் எழுதவில்லை. "காணவில்லை" என்றே எழுதியிருந்தார். இந்த மனிதரைப் போய் ஜோசியர் என்கிறார்கள்!

குறை இல்லாதவர் என்று பொய் சொல்ல மாட்டேன். முன்கோபி. கல்லூரியில் பாராட்டு விழா எடுத்தால் போக மாட்டார். வீட்டு விசேஷத்திலும் மேகம் இல்லாத சாயங்காலம் வந்துவிட்டால் ஆளைப் பிடிக்க முடியாது. பட்டியலைத் தொடர்ந்து அளக்க அதே கல்லூரியில் வேலைபார்க்கும் செல்வராணி அம்மாவைத் தயார் செய்தார். ஆனால் குழாய் யாருக்கு என்று ஒரு வார்த்தை எழுதிவைக்கவில்லை. எனக்கு அவர் மேலேயே உள்ள கோபம் அதுதான்.

காரியம் முடிந்த மறுநாளே வந்தார் ஒரு லாட்ஜ்காரர். மொட்டை மாடியில் குழாயை நிறுத்தி, யாத்திரைக்காரர்களுக்கு இலங்கை காட்டப்போகிறாராம். அறுபதாயிரம் தருகிறேன் என்றார். குமார் தலையாட்டிவிட்டார்.

"தம்பி, உங்கப்பா முப்பத்தஞ்சு வருஷம் அளந்தது அந்தரத்துல நிக்கும்" என்றேன்.

"நிக்கட்டும் மாமா. எனக்குக் காய்ச்சல் கண்டப்பகூட அவரு மாடியிலதான் இருந்தாரு. அந்தக் குழாய் வீட்டுல கெடக்க வேணாம். உங்களுக்கு அவரு சிநேகிதரு. எனக்கு அப்பா."

அந்தக் கோபம் நியாயமான கோபம். ஆனாலும் விட முடியவில்லை.

லாட்ஜ்காரரிடம் திரும்பினேன். "வாங்குற சரக்கைப் பாத்துட்டு வாங்குங்க" என்று அவரை மாடிக்குக் கூட்டிப்போய், குழாயை ரோட்டுப் பாலத்தின் பக்கம் திருப்பச் சொன்னேன். அங்கே பட்டியலை அடுக்கிக்கொண்டிருந்த செல்வராணி அம்மா அதைத் திருப்பி வைத்தார்கள். லாட்ஜ்காரர் கண்ணை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"ஏன் பாய், பஸ்சு தலைகீழா ஓடுது?"

"நட்சத்திரக் குழாய் அப்படித்தான் காட்டும். நட்சத்திரத்துக்கு ஏது மேலு, கீழு?"

"அப்ப இலங்கை?"

"தலைகீழாத்தான். ராவணன் கோட்டையைக் கவுத்துக் காட்டுனா உங்க லாட்ஜை என்ன பண்ணுவாகளோ!"

நேராகக் காட்டுவதற்குக் கூடுதல் கண்ணாடி ஒன்று கிடைக்கும் என்பது செல்வராணி அம்மாவுக்குத் தெரியும். லாட்ஜ்காரர் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. மனிதர் செருப்பைத் தேடிக்கொண்டு இறங்கிப்போனார்.

குமார் முகம் சிவந்துவிட்டது. "வந்த ஆளையும் வெரட்டிட்டீங்க. இப்ப பாதி விலைக்குக் கேப்பீங்க, அதானே?"

வேறு சரக்காக இருந்தால் கேட்டிருப்பேன். விலை விழுந்த இடத்தில் வாங்குவதுதான் என் தொழில். அன்று அப்படி வாங்கினால், சாரின் வேலைக்கு விலை குறைத்தவர்களில் நானும் ஒருவன் ஆவேன்.

"அவரு சொன்ன விலையே தாரேன். மாடியையும் வாடகைக்கு எடுத்துக்கிறேன்" என்றேன். குமார் குழாயின் மூடியைத் தம் வேட்டி முனையால் துடைத்து, தாமே மாட்டினார்.

சார், போய் வாருங்கள். உங்களை ஊருக்குப் புரியவைக்க முடியவில்லை. முடிந்தது ஒரு பேரம் மட்டும். அதன் விவரம்: குழாயும் இழைக்கருவியும் அறுபதாயிரம் ரூபாய், ரொக்கம், குறைப்பு இல்லை. மாடி வாடகை மாதம் ஐந்நூறு. குழாய் நின்ற இடத்தைவிட்டு நகராது. அளப்பது செல்வராணி அம்மா. பட்டியல் அச்சாகும்போது முதல் பெயர் நாகநாதன். அவர்கள் அளந்து முடியும்வரை எனக்கோ குமாருக்கோ அதை விற்க உரிமை கிடையாது.