கியர் ஆயில் ஊற்றிய ரம்பம்

எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டு ஓர் அறை இறக்கியிருந்தேன். அனுமதி கிடையாது. பிளாக்கில் பாதிப் பேர் அப்படித்தான் செய்திருந்தார்கள். பக்கவாதத்தில் விழுந்த அப்பாவை அங்கேதான் கிடத்தியிருந்தோம். அறைக்கு நேர் மேலே தூங்குமூஞ்சி மரத்தின் பெரிய கிளை ஒன்று விரிசல் விட்டுத் தொங்கியது. டவுன்ஷிப் ஆபீசில் மனு கொடுத்தால் வெட்ட ஆள் வரும். வருகிறவன் முதலில் அறையைத்தான் பார்ப்பான். அதனால் கொடுக்கவில்லை. ரேடியோவில் புயல் என்று சொல்ல ஆரம்பித்ததும் நானே வெட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

நான் வேலை பார்க்கும் நிலக்கரி மைன்ஸ் ஓரத்தில் மரங்களை வெட்டி முடித்த கான்ட்ராக்டர் ஒருவன் இரண்டு பழைய செயின் ரம்பங்களை விற்கப் போட்டிருந்தான். ஒன்று சின்னது. இன்னொன்று பெரியது, கை நீளத்துக்குப் பிளேடு. அவற்றை ஓட்டிய கூலிக்காரர் கம்மாபுரத்துக்காரர். நிலம் சுரங்கத்துக்குப் போனபின் எங்கள் பிளாக் வேலிக்கு வெளியே குடிசை போட்டிருந்தார்.

"சின்னத எடுத்துக்கினு போங்க சார். ரெண்டு இழுப்புல ஸ்டார்ட் ஆவும். பெரிச ஏணி மேல நின்னு புடிக்க ஆவாது."

"யோவ், நான் மைன்ஸ்ல எந்த மெஷின்ல வேல பாக்குறேன் தெரியுமா? உன் குடிசைய ஒரே வாய்ல அள்ளிடும். எனக்குப் பாடம் எடுக்கிறியா?"

"அது மண்ணு அள்ளுறது சார். இது தலைக்கு மேல." சிரித்தார். "சரி, ஸ்கூட்டருக்கு ஊத்துற ஆயில அளவு பாத்து பெட்ரோல்ல கலந்து, நல்லா குலுக்கிட்டு ஊத்துங்க."

பெரியதைத்தான் எடுத்தேன். பிரம்மாண்டமான மெஷின்களோடு இருந்து இருந்து எங்களுக்கெல்லாம் ஒரு புத்தி. பெரிசா இருந்தால் நம்பலாம், ஆயில் கெட்டியாக இருந்தால் பலம். ஸ்கூட்டர் ஆயில் எனக்குத் தண்ணீர் மாதிரி தெரிந்தது. ஒர்க்‌ஷாப்பிலிருந்து கொண்டுவந்த கியர் ஆயிலைக் கண் அளவில் பெட்ரோலில் ஊற்றினேன்.

மறுநாள் காலையிலேயே காற்று எழும்பிவிட்டது.

"என்னங்க, மாமாவ முன்னறைக்குத் தூக்கிட்டு ஆரம்பிங்களேன்" என்றாள் மனைவி.

"பத்து நிமிஷ வேலடி. நீ போய்க் காபி போடு."

கயிற்றை இருபது தடவை இழுத்த பிறகுதான் மெஷின் கிளம்பியது. புகையில் கண் எரிந்தது. ஏணியில் நின்று கிளையைப் பாதி அறுத்திருப்பேன். மெஷின் இருமியது. நின்றது. மறுபடி இழுத்தேன், ஏணி ஆடியது. வெட்டு ஒரு விரல் அகலத்துக்கு வாய் பிளந்தது. உள்ளே நார் நறநறவென்று கிழிகிற சத்தம். கீழே ஷீட். ஷீட்டுக்குக் கீழே அப்பா.

இறங்கி ஓடினேன். பக்கத்து வீட்டுக்காரரிடம், "சார், வேலிக்கு அந்தாண்ட அந்த ரம்பக்காரர்… சீக்கிரம்" என்று கத்தினேன். அவர் ஸ்கூட்டரை உதைத்தார். நானும் மனைவியும் அப்பாவை ஜமுக்காளத்தோடு தரையில் இறக்கி இழுத்தோம். அவர் கனம் அன்றுதான் தெரிந்தது. வாசற்படியில் ஜமுக்காளம் மாட்டிக்கொண்டது. மேலே மறுபடி நறநற. மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. ஒருவழியாக முன்னறைக்குக் கொண்டுவந்து கிடத்தினோம்.

ரம்பக்காரர் விற்காமல் கிடந்த சின்ன ரம்பத்தோடும் வடக்கயிற்றோடும் வந்தார். ஏணி அடியில் கிடந்த என் கேனை மோந்து பார்த்தார்.

"கியர் ஆயிலா? பர்மனென்ட் ஆளுங்க வூட்டுக்கு வந்ததும் மெஷினுக்கும் வேல செய்யப் புடிக்கல போல."

எனக்குக் கோபம் வந்தது. ஏணியைப் பிடித்துக்கொள்ளப் போனேன்.

கிளையை மேல் கவையோடு கட்டி, நுனியிலிருந்து துண்டு துண்டாக அறுத்து இறக்கினார். இரண்டு இழுப்பில்தான் அந்த ரம்பம் கிளம்பியது. அடித்துண்டுக்கு வந்தபோது நான் பாதி அறுத்துவைத்த இடம் தானாகவே பிய்ந்தது. கயிறு தாங்கவில்லை. துண்டு ஷீட்டை உடைத்துக்கொண்டு அப்பாவின் கட்டில்மேல் விழுந்தது. தலைமாட்டுச் சட்டம் இரண்டாக ஒடிந்தது.

அவர் இறங்கிவந்து, "பெரியவரு எங்க?" என்று கேட்டார்.

"உள்ள வாங்கண்ணா" என்று மனைவிதான் கூப்பிட்டாள். நான் கூப்பிடவில்லை. அப்பா அவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார். குழறிக் குழறி, "இந்த மாட்டுப்பய கையில இனிமே மெஷினே குடுக்காதய்யா" என்றார்.

"சரிங்க பெரியவரே."

நான் கதவோரம் நின்றிருந்தேன். அவருக்குக் காபி போட நானே அடுப்படிக்குப் போனேன்.