ஒரே பிள்ளைகள், இரண்டு பாலவாடி

எனக்கு வயது எண்பத்திமூன்று. பெற்றது ஐந்து. பாலவாடி ஆயாவாக வளர்த்ததையும் சேர்த்தால், தேவிபட்டினத்தில் பாதி ஊர் என் இடுப்பிலிருந்து இறங்கினதுதான். எழுத்து எனக்குப் பாதிதான் வரும். மெதுவாகவே எழுதுகிறேன்; பேத்தி கனி வாசித்துப் பிழை பார்ப்பாள்.

விடுதலைக்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் எங்கள் ஊரில் இரண்டு பாலவாடி திறந்தார்கள். கடற்கரையில் ஒன்று, அங்கே நான் ஆயா. கோயில் தெருவில் இன்னொன்று, அங்கே சவேரியம்மாள் ஆயா. எங்களிடம் காலையில் பவுடர் பால். அவளிடம் அதற்குப் பிறகு கோதுமை உப்புமா.

பாலைக் குடித்ததும் என் பிள்ளைகள் ஓடிவிடும். கரைவலை இழுக்கிற இடத்தில் சிந்தின மீன் பொறுக்கப் போகிறதாக்கும் என்று நினைத்தேன். மீன் பொறுக்கிவிட்டுத்தான் தன் பிள்ளைகள் தாமதமாக வருகின்றன என்று சவேரியம்மாள் நினைத்தாள்.

ஒரு நாள் பிளாக் ஆபீஸ் அதிகாரி வந்தார். இரண்டில் சரியாக நடக்காததை மூடப்போவதாகப் பேச்சு. என் வீட்டுக்காரர் நெஞ்சுச் சளியால் கடலுக்குப் போகாமல் கிடந்த காலம் அது. பாலவாடியை மூடினால் எங்கள் வீட்டில் உலை ஏறாது.

பிள்ளைகள் கைகட்டி வணக்கம் சொல்லிப் பாட்டும் பாடின. அதிகாரிக்குத் திருப்தி. அடுத்த பாலவாடிக்கு வழிகாட்ட என்னையே ஜீப்பில் ஏற்றினார். ஜீப் மணலில் புதைந்தது. தள்ளி எடுத்துப் போய்ச் சேர்ந்தால், அங்கே வரிசையாக உட்கார்ந்து அதே பாட்டைப் பாடுகின்றன என் பிள்ளைகள். உதட்டில் பால் கூடக் காயவில்லை.

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் சவேரியம்மாளைப் பார்த்தேன். அவள் கரண்டியைப் பார்த்தாள். முன்வரிசையில் இருந்த ஒரு சின்னக்குட்டிதான் அவரிடம் பேசினாள்.

"சார், நீங்களும் ரெண்டு எடத்துலயும் சாப்பிடுவீகளா? தட்டு கொண்டாந்தீகளா? இங்கன தட்டு குடுக்க மாட்டாக."

அவர் குனிந்து, இரண்டில் எது நல்ல பள்ளிக்கூடம் என்று கேட்டார்.

"அங்கன பாலு, இங்கன உப்புமா. ரெண்டும் சேந்துதான சார் பள்ளிக்கூடம்."

அதிகாரி நிமிர்ந்தார். பிறகு சவேரியம்மாளிடம், இலை இருக்கிறதா என்று கேட்டார். பிள்ளைகளுக்கு நடுவே சம்மணம் போட்டு உப்புமா தின்று முடித்தார்.

"இதுல எதைம்மா மூட? காலையில அங்க, அப்பறம் இங்க. பிள்ளைக போற மாதிரியே நீங்களும் போங்க" என்றார் என்னிடம்.

மறுநாளிலிருந்து பிள்ளைகளுக்குப் பின்னால் நானும் கோயில் தெருவுக்கு நடந்தேன். இரண்டு ஆயாவுக்கும் வேலை நிலைத்தது. அப்படியானால் கரையில் சிந்தின மீனை யார் பொறுக்கினார்கள் என்பதுதான் இன்னும் தெரியவில்லை.

இப்போது பாலவாடி வேலைக்கு வருகிற பெண்களுக்குச் சொல்கிறேன்: பாடம் சொல்லிக்கொடுக்கும் முன்னால், பிள்ளைகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பாருங்கள்.

கனி, இதை ஒரு தடவை வாசி தாயி. தட்டு வருகிற இடத்தில் சிரிக்காமல் வாசி. அன்றைக்கு நாங்கள் நடுங்கிக்கொண்டு நின்றோம்.