வேஸ்ட்லாண்ட் என்றால் எந்தக் காணி?

மொழிபெயர்ப்பாளனை நீளமான சொற்கள் கவிழ்ப்பதில்லை. எல்லோருக்கும் தெரிந்த சின்னச் சொல்தான் கவிழ்க்கும். திருகோணமலையில் மேசை போட்டு, காணி உறுதிகளையும் அரச கந்தோர்க் கடிதங்களையும் தமிழாக்கிப் பிழைக்கிறவன் நான். ஆங்கிலக் கடிதம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு முழித்திருக்கிறீர்களா? அப்போ நீங்களும் நம்ம ஆள்தான்.

ஒரு சொல்லுக்கு வந்த கோபம்

கிண்ணியாவிலிருந்து முஸ்லிம் நானா ஒருவர் கொதித்துக்கொண்டு வந்தார். அவருடைய காணியைப் பார்த்துப்போன வெளிநாட்டுக்காரர் 'வாஸ்ட் லாண்ட்' என்று எழுதியிருக்க, நானா அதை 'வேஸ்ட்' என்று வாசித்திருந்தார். அகராதியை விரித்தேன். வாஸ்ட் என்றால் பரந்தது. வேஸ்ட், காணியென்று வந்தால், தரிசு. இரண்டுக்கும் மூலம் 'வாஸ்துஸ்' என்ற லத்தீன் சொல். வெறுமையாக, ஆளில்லாமல் கிடப்பது என்று பொருள். குப்பை என்ற அர்த்தம் பிறகு ஒட்டிக்கொண்டது.

நானா கொஞ்சம் யோசித்தார். "ரெண்டும் ஒரு உம்மாட புள்ளைகளெண்டா, நல்லவன மட்டும் என்ட காணிக்குள்ள உடுங்க."

கழிவு நிலம்

கப்பல்துறை என்ற ஊரிலிருந்து இராசமணி அக்கா அழுதபடி வந்தா. யுத்தத்தில் ஓடி, முகாம்களில் இருந்து, திரும்பிவந்து தன் காணியில் கொட்டில் போட்டிருந்தவ. அந்தக் காணி 'வேஸ்ட்லாண்ட்', அரச தேவைக்கு எடுக்கப்போகிறோம் என்று கடிதம். அயலவர் ஒருவர் போனில் தட்டிப் பார்த்து 'கழிவு நிலம்' என்றிருக்கிறார். அக்கா குப்பை கொட்டப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டா.

"குப்பை இல்லை அக்கா, ஆளில்லாத நிலம் எண்டுதான் அர்த்தம்" என்று என் புலமையைக் காட்டினேன். அழுகை நின்று கோபம் வந்தது. "உயிருக்குப் பயந்து நாங்கள் ஓடினதாலதானே ஆளில்லாமக் கிடந்தது. அது காணியின்ர குணமோ தம்பி?"

சப்பாத்து

அந்தக் கேள்வியையே ஆட்சேபனையாக ஆங்கிலத்தில் எழுதினேன். சிங்களம் பேசும் இளம் உத்தியோகத்தர் ஒருவர் காணியைப் பார்க்க வந்தார். உரைபெயர்க்க நானும் போனேன். அக்கா பற்றையை வெட்டிப் பழைய வீட்டின் அடித்தளத்தை வெளியே எடுத்திருந்தா. சுவரில்லை, கூரையில்லை, சிவப்புச் சீமெந்து நிலம் மட்டும். "இது குசினி. இதில அடுப்பு. இந்த விறாந்தையிலதான் என்ர மூத்தவள் நடை பழகினவள்." நான் சிங்களத்தில் சொல்லி முடிக்கமுதல், உத்தியோகத்தர் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு விறாந்தையில் ஏறினார்.

சில மாதங்களில் புதுக் கடிதம் வந்தது. காணி எடுக்கப்படாது, விபரம்: 'வீடும் தோட்டமும்'. வாசித்துக் காட்டினேன். அக்கா இரண்டாந்தரமும் வாசிக்கச் சொல்லிக் கேட்டா. பிறகு: "வீடெண்டு எழுதிப்போட்டினம். கூரை எப்ப போட்டுத் தருவினமாம்?"

இப்போதெல்லாம் அந்தச் சொல் வந்தால் அகராதியை மூடிவிட்டு பஸ் ஏறிக் காணியைப் பார்க்கப் போகிறேன். மேசையில் இருந்து செய்கிற வேலைக்குக் காலில் ஏன் இவ்வளவு புழுதி என்று என் மனைவிக்குத்தான் விளங்கவில்லை.