நல்ல தண்ணீர்க் கிணற்றுக் கல்வெட்டு

ஊர்காவற்றுறைத் துறையடியில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டு இப்போது வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். இடிந்த சுங்கக் கட்டடம், கடலுக்குள் நிற்கும் கோட்டை, கூரை போன கிட்டங்கிகள் எல்லாவற்றையும் படம் எடுக்கிறார்கள். கிட்டங்கிகளுக்கு மூட்டை சுமந்தது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. என் அப்பா சுமந்தார். தோளில் காய்ப்பு விழுந்து, கடைசிவரை ஒரு பக்கம் சரிந்தே நடந்தார்.

போன வருடம் லண்டனிலிருந்து ஒருவர் வந்தார். எங்கள் வீடு இருக்கும் ஒழுங்கையின் முடிவில் உள்ள நல்ல தண்ணீர்க் கிணறு அவருடைய பாட்டனார் கட்டியது. அதைத் திருத்தி, கல்வெட்டும் வைத்துத் திறப்புவிழா செய்யப் போகிறாராம். நான் படிப்பித்து ஓய்வுபெற்றவள் என்பதால் வாசகத்தைப் பிழை பார்க்கத் தந்தார். ‘பேதமின்றி ஊரின் தாகம் தீர்த்த கிணறு’ என்று இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கிணற்றுக் கயிற்றை எங்கள் ஆட்கள் தொடக்கூடாது. குடத்தை மதிலுக்கு வெளியே வைத்துவிட்டுக் காத்து நிற்க வேண்டும். கிணற்றுக்கார வீட்டிலிருந்து யாராவது மனம் வைத்து வந்து, அள்ளி, எட்ட நின்று ஊற்றினால்தான் தண்ணீர். எங்கள் வளவுக் கிணறு வாயில் வைக்க முடியாத உவர். அம்மா சில நாட்கள் மத்தியானம்வரை அந்த வெயிலில் நிற்பார். பக்கத்தில் நானும் நின்றிருக்கிறேன்.

“தம்பி, இது பொய்,” என்றேன். “எங்கட ஆக்களுக்கு எட்ட நிண்டு ஊத்தின கிணறு எண்டு எழுதும்.”

“பழசுகளை ஏன் அக்கா கிளறுறியள்? இப்ப ஆர் உதுகளைப் பாக்கினம்?”

“ஒருத்தரும் பாக்கேல்லை எண்டால் எழுதிறதுக்கு என்ன பயம்?”

சிரித்துக்கொண்டே தாளை வாங்கிப் போனார். ஒரு சொல்லும் மாறாமல் அது கல்லில் ஏறியது.

விழாவுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். அந்த ஒழுங்கையில் மிச்சமிருக்கும் பழைய ஆள் நான்தானே. முதல் வாளியை நான் அள்ள வேண்டுமாம், கமராக்காரர் அதைப் பிடிக்க வேண்டுமாம். அவர்களுடைய பொய்க்கு நான் சாட்சி. இது விளங்காத அளவுக்கு நான் மடைச்சி இல்லை. அம்மாவின் நெளிந்த அலுமினியக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனேன்.

லண்டன்காரர் புதுக் கயிற்றை நீட்டினார். நான் வாங்கவில்லை. மதிலுக்கு வெளியே போய், குடத்தை நிலத்தில் வைத்துவிட்டு நின்றேன்.

“என்ன அக்கா, வாங்கோ, வந்து அள்ளுங்கோ.”

“உந்தக் கயித்தை நாங்கள் தொட்டுப் பழக்கமில்லை, தம்பி. நீர்தான் ஊத்தவேணும். அம்மாவும் இந்த இடத்திலைதான் நிண்டவ.”

முன்வரிசைக் கதிரைகளில் இருந்த வயதானவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். அவர்களுக்கு எல்லாம் தெரியும். கமராக்காரர் நிறுத்தாமல் பிடித்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் லண்டன்காரரே ஒரு வாளி அள்ளி, வேட்டியெல்லாம் நனைய என்னிடம் வந்து, குடத்துக்கு மேல் குனிந்தார்.

“கிட்ட வராதையும், தம்பி,” என்றேன். “உங்கட ஆக்கள் எட்ட நிண்டுதான் ஊத்திறது.”